அம்மாவுக்கு யூரின் இன்ஃபெக்ஷன், ஐசியு வரை போய்விட்டது: எரிச்சலே இல்லாமல் இப்படி வருமா?

கோவில்பட்டிக்காரன்:

வணக்கம். அம்மாவுக்கு வயது 68. சுகர், பிபி இரண்டும் பல வருடமாக உண்டு. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை ஐசியுவில் இருந்துவிட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கிறார். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'யூரோசெப்சிஸ், செப்டிக் ஷாக், இடது யுரேட்டரில் கல், டிஜே ஸ்டென்ட் வைக்கப்பட்டது' என்று எழுதியிருக்கிறது. அதாவது சிறுநீர்த் தொற்று முற்றி பிபி விழுந்தது, சிறுநீரகத்திலிருந்து மூத்திரப்பைக்கு வரும் குழாயில் (யுரேட்டர்) கல், அதில் சிறுநீர் இறங்க உள்ளே ஒரு மெல்லிய குழாய் (ஸ்டென்ட்). டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார், ஆனால் அந்தப் பதற்றத்தில் பாதி மண்டையில் ஏறவில்லை, அதனால் இங்கே கேட்கிறேன்.

அம்மாவுக்கு நீர்க்கடுப்பு என்று ஒன்றுமே இல்லை. எரிச்சல் இல்லை, அடிக்கடி போகவும் இல்லை. காய்ச்சலும் 100-ஐத் தாண்டவில்லை. முதல் நாள் சாயங்காலம் பல் கிடுகிடுவென்று அடிக்கிற அளவுக்குக் குளிர் நடுக்கம் வந்தது, போர்த்திப் படுத்தார், கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. மறுநாள் சாப்பாடு வேண்டாம் என்றார். சுகர் பார்த்தால் 310. மதியத்துக்கு மேல் என்னைப் பார்த்து எப்போதோ இறந்துபோன மாமாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார், மூச்சும் வேகமாக வாங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது பிபி 80/50.

இதை வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது? கல்லை எடுக்காமல் குழாய் மட்டும் வைத்து அனுப்பியிருக்கிறார்களே, ஏன்? டிரிப்ஸ் ஏற்றி ஏற்றிக் கால் கையெல்லாம் வீங்கிப்போனது, அவ்வளவு ஏற்றியது சரிதானா என்று அண்ணன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். தண்ணீர் குடிக்காததால்தான் எல்லாம் வந்தது என்பது அவன் கட்சி.


நைட்ஷிஃப்ட் செவிலி:

தம்பி, நான் ஐசியுவில் வேலை பார்க்கிறவள், டாக்டர் இல்லை. ஆனால் நீங்கள் எழுதியிருக்கிற வரிசை எங்களுக்கு மனப்பாடம். குளிர் நடுக்கம், சாப்பாடு வேண்டாம், சுகர் திடீரென்று ஏறுவது, ஆள் மாறிப் பேசுவது, மூச்சு வாங்குவது, கடைசியில் பிபி. பெரும்பாலும் பிபி கடைசியில்தான் விழும். அது விழும்வரை காத்திருக்கக் கூடாது என்பதுதான் விஷயமே.

கிருமி எங்கே இருந்தாலும் சரி, அதை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் வேலை கட்டுக்கு அடங்காமல் போய் நம் உறுப்புகளையே கெடுக்க ஆரம்பித்தால் அது செப்சிஸ். அதனால் கிளம்பிய இடம் சிறுநீரகம் என்றாலும் அடையாளம் மூளையிலும் மூச்சிலும் தெரியும். வயதானவர்களுக்குக் காய்ச்சல் வராமலே போகலாம், சிலருக்கு உடம்பு ஜில்லென்று 96-க்குக் கீழே இறங்கும், அதுவும் ஆபத்துதான். நடுவில் யாராவது பாராசிட்டமால் கொடுத்திருந்தால் தெர்மாமீட்டரை நம்பவே வேண்டாம். நீண்ட நாள் சுகர் இருப்பவர்களுக்கு மூத்திரப்பையின் நரம்பு மந்தமாகி எரிச்சலே தெரியாமலும் போகலாம்.

வீட்டில் செய்யக்கூடிய ஒரு நல்ல வேலை மூச்சை எண்ணுவது. அவருக்குத் தெரியாமல், மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்து, ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். சும்மா படுத்திருக்கும்போதே 22 அல்லது அதற்கு மேல் என்றால் கவனம் தேவை. அதோடு பிபியில் மேல் எண் 100 அல்லது அதற்குக் கீழே, அல்லது பேச்சு தடுமாற்றம், இப்படி இரண்டு சேர்ந்துவிட்டால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். ஆனால் இந்த எண்களை ஜாதகக் கட்டம் மாதிரி வைத்துக்கொண்டு 'இன்னும் 21தானே' என்று உட்காரவும் கூடாது. எண்கள் சரியாக இருந்தும் ஆள் மோசமாக இருந்தால் ஆள் சொல்வதுதான் சரி. வழக்கமாக 150 பிபி உள்ளவருக்கு 110 வந்தால் அது நார்மல் இல்லை, அவருக்கு அது இறக்கம். மெட்டோபிரோலால், அட்டெனலால் மாதிரி நாடித்துடிப்பைக் குறைக்கிற பிபி மாத்திரை சாப்பிடுகிறவருக்கு நாடித்துடிப்பு ஏற வேண்டிய அளவு ஏறாது, அதைப் பார்த்தும் ஏமாறக் கூடாது.

இன்னும் சில: பாதி நாளுக்கு மேல் சிறுநீரே போகவில்லை, கை கால் ஜில்லிட்டுத் தோலில் திட்டுத் திட்டாக நிறம் மாறுகிறது, விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் எண்ணே காட்டவில்லை (விரலுக்கு இரத்தம் சரியாகப் போகாதபோது அப்படி ஆகும்). அப்புறம் அந்தக் குளிர் நடுக்கம். கட்டிலே ஆடுகிற மாதிரி நடுக்கம் வந்தால் கிருமி இரத்தத்துக்குள் போயிருக்க வாய்ப்பு அதிகம். நின்றுவிட்டது என்பதால் அது சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

டிரிப்ஸ் விஷயம். செப்டிக் ஷாக்கில் இரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிந்துவிடும், குழாய்ச் சுவரும் கசியத் தொடங்கும். உள்ளே ஓட வேண்டிய நீர் வெளியே திசுவுக்குள் போய்விடுவதால் பிபி நிற்காது. பிபி விழுந்தவர்களுக்கு முதல் 3 மணி நேரத்துக்குள் ஒரு கிலோ எடைக்கு 30 மில்லி வரை ஏற்றுவது வழக்கம். அம்மா 60 கிலோ என்றால் 1800 மில்லி. இதயம் பலவீனமாக இருந்தாலோ சிறுநீரகம் ஏற்கெனவே கெட்டிருந்தாலோ அடிக்கடி நிறுத்திப் பார்த்துப் பார்த்துக் கொடுப்பார்கள். அதற்கும் பிபி ஏறாவிட்டால் நார்அட்ரினலின் (இரத்தக் குழாயை இறுக்கிப் பிபியை ஏற்றும் மருந்து) ஓட்டுவோம், சராசரி அழுத்தம் (பிபியின் மேல், கீழ் எண்களிலிருந்து கணக்கிடுவது) 65-ஐத் தொட வேண்டும் என்பது குறி. கசிந்த நீர்தான் அந்த வீக்கம். நிலைமை சரியானதும் அது சிறுநீராக வெளியே போய்விடும். அண்ணனிடம் சொல்லுங்கள், வீக்கம் வடியும், நின்றுபோன சிறுநீரகத்தைத் திருப்பிக் கொண்டுவருவது அதைவிடக் கஷ்டம்.

இதோடு முதல் மணி நேரத்தில் நடப்பது இரத்தக் கல்ச்சர் (எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கிற சோதனை), லாக்டேட் (உறுப்புகளுக்கு இரத்தம் போதவில்லையா என்று காட்டுகிற இரத்தச் சோதனை), அப்புறம் ஊசி வழியாக ஆன்டிபயாடிக். கல்ச்சருக்கு இரத்தம் எடுத்த கையோடு மருந்து போய்விட வேண்டும். ஷாக்கில் இருப்பவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் என்பது கணக்கு. எந்தக் கிருமி என்ற ரிப்போர்ட் வர ஒன்றிரண்டு நாள் ஆகும், அதுவரை உத்தேசமாகப் பரந்த மருந்து கொடுத்துவிட்டு அப்புறம் சுருக்குவார்கள்.


யூரோ பிஜி:

நான் யூராலஜியில், அதாவது சிறுநீர்ப் பாதை அறுவைத் துறையில், மேல்படிப்பு படிக்கிற டாக்டர். ஸ்டென்ட் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கல் யுரேட்டரை அடைத்துக்கொண்டு, மேலே தேங்கிய சிறுநீரில் கிருமியும் சேர்ந்துவிட்டால் அது எங்கள் துறையில் நள்ளிரவிலும் எழுப்பிக் கூப்பிடுகிற கேஸ். தேங்கிய நீரின் அழுத்தத்தில் கிருமி பின்னோக்கி இரத்தத்துக்குள் தள்ளப்படும். அடைபட்ட சிறுநீரகம் வடிகட்டுவதும் குறைந்துவிடுவதால் ஊசியில் போகிற ஆன்டிபயாடிக் தேங்கிய நீருக்குள் போதுமான அளவு போய்ச் சேராது. எவ்வளவு விலையுள்ள மருந்து போட்டாலும் அடைப்பு திறக்காமல் ஆள் தேறுவது கடினம். திறக்க இரண்டு வழி: கீழிருந்து மூத்திரப்பை வழியாக டிஜே ஸ்டென்ட், அல்லது முதுகுப் பக்கம் ஊசி குத்தி நேராகச் சிறுநீரகத்தில் குழாய், அதற்குப் பிசிஎன் என்று பெயர். எது கைக்குக் கிடைக்கிறதோ, எது அந்த நோயாளிக்குத் தாங்குமோ, அது.

கல்லை அப்போதே உடைக்காதது சரியான முடிவு. சீழ் இருக்கும்போது உள்ளே கருவியை விட்டு, தண்ணீரைப் பாய்ச்சிக் கல்லை உடைத்தால் அந்த அழுத்தமே இன்னொரு முறை செப்சிஸைக் கொண்டுவரும். தொற்று முழுக்கத் தீர்ந்தபிறகு தேதி குறித்துச் செய்வார்கள்.

உங்கள் குழப்பத்துக்கு இன்னொரு பதிலும் இதில் இருக்கிறது. ஒரு பக்கம் முழுதாக அடைபட்டிருந்தால் அந்தப் பக்கத்துச் சீழ் மூத்திரப்பைக்கே வராது. நல்ல சிறுநீரகத்தின் நீர்தான் வெளியே வரும், ஆகவே எரிச்சலும் இருக்காது, யூரின் டெஸ்ட்கூட நார்மல் என்று வந்துவிடலாம். விலாவில் வலி, குளிர் நடுக்கம், சுகர் என்று வந்தால் யூரின் ரிப்போர்ட் சுத்தமாக இருந்தாலும் ஸ்கேன் பார்க்காமல் விட மாட்டோம். சுகர் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்குச் சிறுநீரகத்துக்குள்ளேயே கிருமி வாயுவை உண்டாக்கும் ஒரு மோசமான வகையும் உண்டு, அல்ட்ராசவுண்டில் அது நழுவிவிடலாம், சிடி எடுத்தால் தெளிவாகத் தெரியும்.

இப்போது முக்கியமானது: ஸ்டென்ட்டை எடுக்கிற தேதி சம்மரியில் இருக்கிறதா என்று பாருங்கள். பொதுவாக 3 மாதத்தைத் தாண்ட விடுவதில்லை. வலி இல்லையே என்று மறந்துவிட்டு வருடக்கணக்கில் கழித்து வருகிறவர்களை நாங்கள் பார்க்கிறோம், அதன்மேலேயே கல் படிந்து, எடுப்பதே பெரிய ஆபரேஷன் ஆகிவிடும். ஸ்டென்ட் இருக்கும்வரை அடிக்கடி போக வேண்டும் போல இருப்பது, போகும்போது விலாவில் சுருக்கென்று வலிப்பது, லேசாகச் சிவந்து போவது எல்லாம் சகஜம். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வருவது சகஜம் இல்லை, அன்றைக்கே போக வேண்டும்.


கோவில்பட்டிக்காரன்:

நன்றி அக்கா, நன்றி டாக்டர். தேதி எழுதவில்லை, 'யூரோ ஓபியில் ரிவ்யூ' என்று மட்டும் இருக்கிறது. நாளைக்கே போன் செய்து கேட்கிறேன்.

கல்ச்சர் ரிப்போர்ட்டில் ஈ.கோலை, ஈஎஸ்பிஎல் பாசிட்டிவ் என்று இருக்கிறது. முதலில் போட்ட மருந்தை மாற்றி மெரோபெனம் போட்டார்கள், அப்புறம் வீட்டுக்கு வந்தும் கொஞ்ச நாள் எர்டாபெனம் ஊசி. பக்கத்து வீட்டு அண்ணாச்சி, 'நார்ஃப்ளாக்ஸ் ஒரு அட்டை வீட்டிலேயே வைத்துக்கொள், லேசாகத் தெரிந்தால் இரண்டு போட்டுவிடு' என்கிறார். இன்னொருவர் நைட்ரோஃபியூரான்டாயின் நல்லது என்கிறார். வைத்துக்கொள்ளலாமா?


மருந்துக்கடை மாப்பிள்ளை:

வைத்துக்கொள்ள வேண்டாம். அண்ணாச்சி நல்ல மனதோடுதான் சொல்கிறார், என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் கேட்கிறார்கள்.

ஈஎஸ்பிஎல் என்பது அந்தக் கிருமி உற்பத்தி செய்கிற நொதி. செஃப்ட்ரையாக்ஸோன், செஃபிக்ஸிம் வகை மருந்துகளை அது உடைத்துப் போட்டுவிடும். இந்த வகைக் கிருமி பெரும்பாலும் நார்ஃப்ளாக்ஸ், சிப்ரோ வகையறாவுக்கும் அசையாது. நம் ஊரில் இது அபூர்வம் எல்லாம் இல்லை. அதனால்தான் கார்பபெனம் என்கிற மெரோபெனம், எர்டாபெனம் வரை போக வேண்டியிருந்தது. பிப்டாஸ் (பைபராசிலின்-டாசோபாக்டம் என்கிற இன்னொரு ஊசி ஆன்டிபயாடிக்) போட்டால் போதாதா என்று ஒரு விவாதம் ரொம்ப நாள் இருந்தது, 2018-இல் வெளிவந்த மெரினோ ஆய்வில் இந்த மாதிரிக் கிருமி இரத்தத்தில் இருந்தவர்களில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் மெரோபெனம் பக்கம் 3.7 சதவீதம், பிப்டாஸ் பக்கம் 12.3 சதவீதம். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து மருந்தை மாற்றியதற்குக் காரணம் இருக்கிறது.

நைட்ரோஃபியூரான்டாயின் மூத்திரப்பைக்குள் மட்டும் இருக்கிற சாதாரணத் தொற்றுக்கு நல்ல மருந்து, ஈஎஸ்பிஎல் கிருமிக்கும் பல நேரம் கேட்கும். ஆனால் அது இரத்தத்திலும் சிறுநீரகத் திசுவிலும் போதுமான அளவு நிற்காது. காய்ச்சலும் விலா வலியும் வந்துவிட்ட ஆளுக்கு அதைக் கொடுத்தால் நேரம்தான் போகும். சாஷேயில் வருகிற ஃபாஸ்ஃபோமைசினும் அதே கதைதான். இரண்டு மாத்திரை போட்டுவிட்டுப் பிறகு கல்ச்சர் கொடுத்தால் 'வளர்ச்சி இல்லை' என்று ரிப்போர்ட் வரும், டாக்டர் இருட்டில் துழாவ வேண்டியதுதான். முதலில் சாம்பிள், அப்புறம் மருந்து. சாம்பிளும் முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடித்து, சீக்கிரம் லேபுக்குப் போக வேண்டும்.

ஷெட்யூல் எச்1 என்று 2014 முதல் ஒரு விதி உண்டு, இந்தப் பெரிய ஆன்டிபயாடிக்குகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றால் தனி ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். எத்தனை கடையில் எழுதுகிறார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஒன்று கேட்க வேண்டும், சுகருக்கு அம்மா என்ன சாப்பிடுகிறார்? டாபாகிளிஃப்ளோசின் அல்லது எம்பாகிளிஃப்ளோசின் இருந்தால் டாக்டரிடம் சொல்லிக் கேளுங்கள். அது சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகிற மருந்து, இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லதுதான், நானாக நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் காய்ச்சல், வாந்தி, சாப்பிட முடியவில்லை என்கிற நாட்களில் அதை நிறுத்திவைக்கச் சொல்வார்கள், மெட்ஃபார்மினையும்தான். எப்போது நிறுத்துவது, எப்போது திரும்பத் தொடங்குவது என்று ஒரு சீட்டில் எழுதி வாங்கிவிடுங்கள்.


அப்பாவின் பராமரிப்பாளன்:

எல்லாரும் நல்லதுதான் சொல்கிறீர்கள், ஆனால் மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். அப்பாவுக்குப் பக்கவாதம், நிரந்தரமாகக் கதீட்டர் (மூத்திரப்பையிலிருந்து வெளியே ஒரு பைக்குச் சிறுநீர் வடிகிற டியூப்). வீட்டுக்கு வருகிற ஆளெல்லாம் பையைப் பார்த்துவிட்டு 'கலங்கலாக இருக்கிறதே, நாறுகிறதே, இன்ஃபெக்ஷன்' என்பார்கள். கல்ச்சர் கொடுத்தால் பாசிட்டிவ் வராமல் இருக்கவே இருக்காது, ஏனென்றால் டியூப் போட்டுச் சில வாரம் ஆகிவிட்டால் கிருமி அதில் குடியேறிவிடும், அது நோய் இல்லை. ஒருமுறை அதற்காகவே ஆன்டிபயாடிக் ஓடி, பேதி வந்து, அடுத்த ரிப்போர்ட்டில் கேட்கிற மருந்துகள் இன்னும் குறைந்துபோயின. இப்போதைய டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: காய்ச்சல், நடுக்கம், பிபி இறக்கம், விலா வலி எதுவும் இல்லாமல் ரிப்போர்ட்டுக்கு மட்டும் வைத்தியம் கிடையாது. கர்ப்பிணிகளும், சிறுநீர்ப் பாதையில் ஆபரேஷன் செய்யப் போகிறவர்களும் விலக்கு.

பெரியவர்கள் உளறினாலே யூரின் இன்ஃபெக்ஷன் என்பதும் சரியில்லை. அப்பா ஒருமுறை அப்படிக் குழம்பினார், பார்த்தால் இரத்தத்தில் சோடியம் 118, ரொம்பக் குறைவு. மலச்சிக்கல், தூக்க மாத்திரை, தண்ணீர் போதாமை, எதுவாகவும் இருக்கும்.

கதீட்டர் உள்ளவர்களுக்கு ஒரு தகவல்: பையிலிருந்து சாம்பிள் எடுத்துக் கொடுப்பது வீண். பழைய டியூபை மாற்றிவிட்டுப் புது டியூபிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். பை எப்போதும் மூத்திரப்பைக்குக் கீழே தொங்க வேண்டும், வீல்சேரில் தள்ளும்போது மடியில் வைக்கிற பழக்கம் வேண்டாம்.


நைட்ஷிஃப்ட் செவிலி:

பராமரிப்பாளன் அண்ணன் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், ஒரே ஒரு திருத்தத்தோடு. குழப்பம் மட்டும் தனியாக வந்தால் யூரின்மேல் பழியைப் போடாமல் சோடியம், சுகர், மாத்திரை எல்லாம் பார்க்க வேண்டும். ஆனால் அதையும் வீட்டில் உட்கார்ந்து பார்க்க முடியாது. 118 சோடியமும் எமர்ஜென்சிதான். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்றைக்குக் குழம்பினால் காரணம் எதுவானாலும் ஆஸ்பத்திரிதான், காரணத்தை அங்கே கண்டுபிடிக்கட்டும்.


திருச்சி ராணி:

எங்கள் வீட்டில் வாழைத்தண்டுச் சாறும் பார்லியும்தான். கல் தானாகக் கரைந்துவிடும், இவ்வளவு பயம் எதற்கு?


யூரோ பிஜி:

அம்மா, வாழைத்தண்டைக் கறியாகப் பொரியலாகச் சாப்பிடுங்கள், யாரும் தடுக்கவில்லை. சின்னக் கல் பல நேரம் தானாகவே இறங்கிப் போகும், அந்தப் பெருமை அன்றைக்குக் குடித்த சாற்றுக்குப் போய்விடுகிறது. யுரேட்டரை அடைத்துச் சீழ் பிடித்த கல்லுக்கு இது வைத்தியம் இல்லை. சிறுநீரகம் பாதிக்கப்பட்டு கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்த அளவு) ஏறியிருப்பவர்களுக்கு இளநீரும் இந்த மாதிரிச் சாறுகளும் பொட்டாசியத்தை ஏற்றிவிடலாம், அதனால் கோவில்பட்டி தம்பி, அம்மாவின் இப்போதைய கிரியாட்டினின், பொட்டாசியம் பார்க்காமல் ஆரம்பிக்காதீர்கள்.

தண்ணீர் விஷயத்தில் உங்கள் அண்ணன் பாதி சரி. தண்ணீர் குறைந்தால் கல் வர வாய்ப்பு அதிகம். அடிக்கடி மூத்திரப்பைத் தொற்று வருகிற, தண்ணீர் குறைவாகக் குடிக்கிற பெண்கள் கூடுதலாகக் குடித்தால் தொற்று குறைகிறது என்பதும் ஆய்வில் தெரிந்ததுதான். ஆனால் அம்மாவை ஐசியுவுக்குக் கொண்டு போனது அடைப்பு.

மாதவிடாய் நின்ற பெண்களுக்குத் தொற்று திரும்பத் திரும்ப வந்தால் பிறப்புறுப்பில் தடவுகிற ஈஸ்ட்ரோஜன் க்ரீம் நன்றாக உதவும். நம் வீடுகளில் மகன் கேட்கவும் கூச்சம், அம்மா சொல்லவும் கூச்சம், அதனால் அந்தப் பேச்சே வருவதில்லை. வீட்டுப் பெண்கள் யாராவது கூடப் போய் மகளிர் நல டாக்டரிடம் கேட்கட்டும்.


கோவில்பட்டிக்காரன்:

அண்ணியிடம் சொல்லியிருக்கிறேன், அவர் கூட்டிக்கொண்டு போவார். மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தேன், டாபாகிளிஃப்ளோசின் 10 இருக்கிறது, டிஸ்சார்ஜ் லிஸ்டில் அது இல்லை. அப்படியென்றால் நிறுத்திவிட்டார்களா, விட்டுப்போனதா? அப்புறம் அம்மா இன்னும் பத்து அடி நடந்தால் உட்கார்ந்துவிடுகிறார், போன வாரம் சொன்னது மறந்துபோகிறது. இது தொற்று இன்னும் இருப்பதாலா?


நைட்ஷிஃப்ட் செவிலி:

லிஸ்டில் இல்லாததை நீங்களாகத் தொடங்க வேண்டாம் தம்பி, ஸ்டென்ட் தேதிக்குப் போன் செய்யும்போது இதையும் சேர்த்துக் கேளுங்கள். பெரும்பாலும் வேண்டுமென்றேதான் நிறுத்தியிருப்பார்கள்.

அசதியும் மறதியும் செப்சிஸுக்குப் பிறகு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் இருக்கும். படுக்கையில் கிடந்த நாட்களில் தசை கரைந்திருக்கும். முட்டை, பருப்பு என்று புரதம் கொடுங்கள் (கிரியாட்டினின் அதிகமாக இருந்தால் அளவை டாக்டரிடம் கேட்டுவிட்டு), தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கவிடுங்கள், பிசியோ கிடைத்தால் நல்லது. ஆனால் நாளுக்கு நாள் தேறிக்கொண்டு வர வேண்டும். இரண்டு நாள் நன்றாக இருந்துவிட்டு மூன்றாம் நாள் மறுபடி படுத்துவிட்டார், சாப்பாடு வேண்டாம் என்கிறார், சுகர் ஏறுகிறது என்றால் அதை அசதிக் கணக்கில் எழுதாதீர்கள். மூச்சை எண்ணுங்கள், சம்மரியையும் கல்ச்சர் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள், கேஷுவால்ட்டியில் நுழைந்ததும் முதல் வாக்கியமே 'உள்ளே ஸ்டென்ட் இருக்கிறது, போன முறை ஈஎஸ்பிஎல்' என்பதாக இருக்கட்டும்.